டீக்கு ஹாரன் அடித்தவள்

மக்கா,

போனில் சொன்னால் நீ "ஓகே மா, ஓகே மா" என்று வைத்துவிடுவாய். உனக்கு அங்கே சைட்டில் சிக்னல் போய்விடும், நானும் இங்கே சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். இங்கே பஹ்ரைனில், ஈசா டவுன் பள்ளிக்கூடத்தில் உன்னை இந்தி வகுப்பில் போட்டது நாங்கள்தான். வெள்ளிக்கிழமை காலைகளில் அப்பா பைபிளை மடியில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாரே, அந்த அளவுக்குத்தான் உன் தமிழ். பரவாயில்லை, அதுவும் நல்லதுதான். வேகமாகப் படிக்கத் தெரிந்திருந்தால் பாதியிலேயே என் நம்பரைத் தட்டிவிடுவாய். கடைசி வரி வரைக்கும் வா, அப்புறம் கூப்பிடு. அதற்கு முன்னால் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

வருகிற மாதக் கடைசியோடு எனக்கு டியூட்டி கலாஸ், முடிந்தது. வார்டில் சின்ன நர்ஸ் பிள்ளைகள் எல்லாம் எனக்குத் தெரியாமல் கேக் சொல்லியிருக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஊசி போடும்போது நோயாளிக்குச் சிரிப்புக் காட்டுவோமே, அந்தச் சிரிப்பை எனக்கே இப்போது காட்டுகிறார்கள். வேலை முடிந்தால் விசா முடியும், விசா முடிந்தால் இந்தத் தீவை விட்டுக் கிளம்ப வேண்டும். எங்கே போவது? அதுதான் கேள்வி, இந்தக் கடிதமே அதற்காகத்தான். நான் உன்னைப் பார்க்க நமீபியாவுக்கு வந்ததும் அதற்காகத்தான். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று நினைத்தாயா? மானையும் மணலையும் பார்ப்பதற்கா ரெண்டு விமானம் மாறி, கால் வீங்கி வந்தேன்? "அம்மா, இனிமே என்கூட இரு" என்று ஒரு வார்த்தை நீ சொல்வாயா என்று பார்க்க வந்தேன். நீயாகச் சொல்ல வேண்டும், நான் கேட்டு நீ சொல்லக் கூடாது என்று ஒரு வீம்பு. அந்த வீம்போடுதான் அன்றைக்கு உன் வண்டியில் ஏறினேன்.

பாலைவனம் என்று நீ சொன்னதும் பருத்திச் சேலையும், தொப்பியும், உப்பு சர்க்கரைப் பாக்கெட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான். இத்தனை வருஷம் வளைகுடாவில் இருந்தவளுக்குப் பாலைவனத்தைப் பற்றி யார் என்ன சொல்லித் தர முடியும்? அங்கே இறங்கினால் பல் கிட்டுகிற குளிர். நீ உன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தாய். அதன் கை எனக்கு முழங்காலைத் தொட்டது. அதில் டீசல் வாசம், உன் அப்பா கப்பல் பட்டறையிலிருந்து வரும்போது அவர் யூனிஃபார்மில் அடிக்குமே, அதே வாசம். குளிர் விட்ட பிறகும் அதை நான் கழற்றவில்லை. நீ கவனித்தாயோ என்னவோ.

கடற்கரைக்குக் கிளம்பின அன்றைக்குக் காலையில் விண்ட்ஹூக்கில் உன் வீட்டுக்கு முன்னால் நான் நேராக வண்டியின் வலது பக்கக் கதவைத் திறந்தேன். அங்கே ஸ்டியரிங் இருந்தது. "மா, யூ வான்ட் டு டிரைவ்?" என்று கேட்டுச் சிரித்தாய். பஹ்ரைனில் அப்பா இடது பக்கம் இருந்து ஓட்டுவார், நான் வலது பக்கம். அந்தப் பக்கம்தான் என் பக்கம். ஓட்டவும் படிக்கவில்லை, பக்கம் மாறி உட்காரவும் இல்லை. அன்றைக்கு வண்டி நின்ற இடமெல்லாம் அதே கதைதான். பெட்ரோல் பங்கில் ஒரு தடவை, மலை உச்சியில் படம் எடுக்க நிறுத்தினாயே அங்கே ஒரு தடவை, நான் சுற்றிப் போய் உன் கதவைத் திறந்து ஸ்டியரிங்கைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்றேன். முதலில் சிரித்தாய். அப்புறம் பேசாமல் வந்து என் தோளைப் பிடித்து இடது பக்கமாக நடத்திக்கொண்டு போனாய். வார்டில் நான் வயதானவர்களைப் பிடித்து நடத்துகிற அதே பிடி. எனக்குக் கோபம் வந்தது, உன் மேல் இல்லை.

அப்பா இருந்த இடத்தில், ஸ்டியரிங் இல்லாத அந்த இடது சீட்டில், நான் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மலையை விட்டு இறங்கியதும் தார் முடிந்து சரளை வந்துவிட்டது. துணி துவைக்கிற கல்லில் வைத்துத் தேய்த்த மாதிரி வண்டி அதிர்ந்தது. இங்கே நம் தீவில் எந்தப் பக்கம் வண்டியை எடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் கடல் வந்து போதும் என்று நிறுத்திவிடும். அங்கே நிறுத்த ஒன்றும் இல்லை. மஞ்சள் புல், அதற்குப் பின்னால் சிவப்பு மணல், அதற்கும் பின்னால் நீல மலை, மலையைத் தாண்டினால் மறுபடியும் முதலிலிருந்து மஞ்சள் புல். பாலைவனம் எனக்குத் தெரியும் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேனே, எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏசி போட்ட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒன்று. குளிர் காலத்தில் சாகீர் பக்கம் கூடாரம் அடித்து, கோழி சுட்டுத் தின்று, செருப்பில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிற ஒன்று. உன்னுடையது அப்படி இல்லை. அதில் நீ தண்ணீர் தேடுகிறாய். இந்தப் பாறைக்குக் கீழே தண்ணீர் உண்டு, அந்தப் பாறைக்குக் கீழே கிடையாது என்று கை காட்டிக்கொண்டே வந்தாய். டயர், காற்று, எக்ஸ்ட்ரா ஸ்டெப்னி ஏன் வேண்டும், சரளையில் ஏன் சடன் பிரேக் போடக் கூடாது என்று எல்லாம் சொன்னாய். நானும் "ஓகோ, ஓகோ" என்று கேட்டுக்கொண்டு வந்தேன். ஓரிக்ஸ் மான் ஒன்று ரோட்டைத் தாண்டியது. இங்கே பூங்காவில் கம்பிக்குப் பின்னால் உன்னைத் தூக்கிக் காட்டின மிருகம், அங்கே கம்பியே இல்லாமல் நின்று நம்மைப் பார்த்தது. "நைஸ், நோ?" என்றாய். "நல்லா இருக்குடே" என்றேன். இப்படியே பேசிக்கொண்டு வந்தோம் மக்கா, நாள் பாதி போய்விட்டது.

எப்போதாவது எதிரே ஒரு வண்டி வரும். தூரத்தில் புழுதி தெரியும், பக்கத்தில் வந்ததும் ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நீயும் தூக்குவாய். "தெரிஞ்சவரா?" என்று கேட்டேன். "இல்ல மா. இந்த ரோட்ல ஆளைப் பாத்தா அப்படித்தான்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாதவனுக்கு ஒரு விரல் தூக்குகிறாய், பக்கத்தில் இருக்கிற நான் எதற்கு வந்தேன் என்று உனக்குத் தோன்றவில்லையே. நீ ரோட்டைப் பார்த்தே ஓட்டினாய், நான் ஜன்னலைப் பார்த்தே வந்தேன். இத்தனை பெரிய வெளியில் இருந்தது நாம் இரண்டே பேர், அதிலும் தனித்தனியாக.

ஏன் இப்படி ஆனோம் என்று உனக்கு யோசனை வந்திருக்கிறதா? நான் யோசித்துவிட்டேன், அந்த சீட்டில் வேறு என்ன வேலை. நம் வீட்டில் கேட்கிறவர் ஒருவர்தான் இருந்தார். உன் அப்பா. ஞாபகம் இருக்கிறதா, நம் கட்டடத்துக்கு எதிரே கோல்டு ஸ்டோர், அந்த மலையாளச் சேட்டன் கடை? இந்தத் தீவில் மளிகைக் கடைக்கு ஏன் கோல்டு ஸ்டோர் என்று பேர் வைத்தார்களோ. அப்பா ஒரு நாளாவது இறங்கிக் கடைக்குள் போனது உண்டா? வண்டியைக் கடை முன்னால் ஒதுக்குவார். "ஏட்டி, டீ சொல்லட்டா?" என்று கேட்பார், என் பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். பாம்... பாம் பாம் என்று ஹாரன். ஊர் முழுக்க இப்படித்தான் அடிக்கிறது, ஆனாலும் சேட்டனுக்கு அப்பாவின் ஹாரன் தனியாகத் தெரியும். கண்ணாடிக்குள்ளிருந்து அப்பா விரலைக் காட்டுவார். ரெண்டு விரல் என்றால் ரெண்டு டீ. பின் சீட்டில் இருக்கிற உனக்கு மாம்பழ ஜூஸ் சொல்லாமலே வரும். டீ, குப்பூஸ் ரொட்டி, தலைவலி மாத்திரை, ஒரு தடவை உன் பிறந்தநாள் கேக் கூட அப்படித்தான் ஜன்னல் வழியாக வந்தது. நானும் நீயும் கண்ணாடியை இறக்கி வாங்கிக்கொள்கிறவர்கள். வெறும் கடைக்கு மட்டும் இல்லை மக்கா. உனக்கு ஆப்பிரிக்காவில் வேலை கிடைத்தபோது நீ என்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொன்னாய். அப்பா சமையலறைக்கு வந்து, "அவன் போட்டுமா?" என்று கேட்டார். நீ ஹாலில்தான் உட்கார்ந்திருந்தாய், நடுவில் ஒரு சுவர்கூட இல்லை, திரைதான். நானும் உன்னிடம் வராமல் அவரிடமே, "போயிட்டு வரட்டும்" என்றேன். அவர் மறுபடி ஹாலுக்கு வந்து, "அம்மை போச் சொல்லியாச்சு" என்றார். அவர் போன பிறகு நமக்குள்ளே அந்தத் திரை மட்டும் மிச்சம். விலக்க ஆள் இல்லை.

சரி, அந்தக் கடைக்கு வருகிறேன். நீயும் அதற்குத்தான் காத்திருப்பாய். மத்தியானம் தாண்டி ஒரு இடத்தில் நிறுத்தினாய். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கடை, துருப்பிடித்த பழைய கார் ரெண்டு மூன்று, அவ்வளவுதான். அதைச் சுற்றி வானம்தான். எனக்குக் கண் சொருகியிருந்தது. "மா, ஒரு ஃபைவ் மினிட்ஸ், அந்தப் போர்வெல்லைப் பாத்துட்டு வந்துடறேன், அப்புறம் டீ குடிக்கலாம்" என்று நீ சொன்னது அரைத் தூக்கத்தில் கேட்டது. மேட்டில் ஒரு காற்றாடி பம்பு நின்றதே, அதற்காக. போர்வெல்லைப் பார்த்தால் உனக்குக் கால் நிற்காது. விழித்துப் பார்த்தேன், நீ இல்லை. இறங்கிக் காலை உதறினேன், காற்று சேலையைப் பிடுங்கியது. திரும்பி ஓடி வந்து கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன், முன்னால் ஸ்டியரிங். மறுபடியும் வலது பக்கம். இந்தத் தடவை தோளைப் பிடித்து மாற்றி உட்கார வைக்க நீயும் இல்லை.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. எதிரே கடை, கதவு சாத்தியிருந்தது. மனுஷ வாடையே இல்லை. காலையிலிருந்து நீ கேட்பாய் கேட்பாய் என்று காத்திருந்த அலுப்பு எல்லாம் சேர்ந்து எனக்கு அழுகை வந்தது, ஒரு டீ குடித்தால் தேவலை போல இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, கையை வைத்து அழுத்திவிட்டேன். பாம்... பாம் பாம். அப்பா அடிக்கிற மாதிரியே. என் வாழ்நாளில் நான் அடித்த முதல் ஹாரன் அதுதான் மக்கா. அவ்வளவு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை, அந்த வெளியில் அது போய்க்கொண்டே இருந்தது.

கடைக் கதவு படாரென்று திறந்தது. கை முழுக்க மாவோடு ஒரு பருத்த அம்மாள் ஓடி வருகிறாள். பழைய காருக்கு அடியிலிருந்து ஒரு ஆள் ஸ்பானரோடு எழும்பி ஓடி வருகிறான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆகா, நல்ல கவனிப்பு என்று நினைத்தேன். கதவைக் கொஞ்சம் திறந்து, கையை வெளியே நீட்டி, ரெண்டு விரலைக் காட்டினேன். உனக்கும் சேர்த்துத்தானே. நம் ஊரில் என்றால் அந்த இடத்திலேயே புரிந்துகொண்டு திரும்பிப் போயிருப்பார்கள். நம் ஊர் என்று பஹ்ரைனை எழுதிவிட்டேன், இருக்கட்டும். அந்த அம்மாளோ என் விரலைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போய், "ரெண்டு பேரா? ரெண்டு பேருக்கா? இன்னொருத்தர் எங்கே?" என்று இங்கிலீஷில் கத்தினாள். ஸ்பானர்காரன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். அந்த அம்மாள் மறுபடி உள்ளே ஓடி முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறாள், அதுவும் தப்பான இடத்தில். "அம்மா தாயே, நான் நர்ஸ், எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்கிறேன், பதற்றத்தில் எனக்குத் தமிழ்தான் வருகிறது.

அப்போதுதான் நீ வந்தாய். மேட்டிலிருந்து நீ ஓடி வந்த ஓட்டத்தை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். சரிவில் கால் தடுக்கி விழுந்தாய், எழுந்தாய், கையைக்கூடத் தட்டவில்லை, மறுபடி ஓடி வந்தாய். "அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டே வந்தாய். நீ என்னை முழுசாக 'அம்மா' என்று கூப்பிட்டு எத்தனை காலம் ஆகிறது. எப்போதும் மொட்டையாக ஒரு 'மா'தான். வந்து என் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்தாய்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மக்கா. பாரு, முழுசா இருக்கேன் பாரு."

"அப்புறம் ஏம்மா ஹாரன் அடிச்ச?"

"டீக்கு."

"எதுக்கு?"

"டீக்குடே. கடை இருக்கு, வண்டி நிக்குது, ஹாரன் அடிச்சேன். உன் அப்பா அடிக்கமாட்டாரா?"

"திஸ் இஸ் நாட் பஹ்ரைன், மா!" என்று கத்தினாய். "இங்க ஹாரன் அடிச்சா யாரோ சாகப் போறாங்கன்னு அர்த்தம். யாரும் சும்மா அடிக்கமாட்டாங்க." அப்புறம் வண்டியில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாய், "அப்பா போன அன்னிக்கும் ஹாரன்தான். சைட்ல சிக்னல் இல்ல. கம்பெனி ஜீப் ரொம்ப தூரத்துலேருந்து ஹாரன் அடிச்சிட்டே வந்தது. வர்ற வரைக்கும் நான் நின்னு பாத்துட்டே இருந்தேன். இப்ப நீயும் போயிட்டேன்னு நெனச்சேன்."

எனக்கு அது தெரியாது மக்கா. உனக்கு எப்படிச் செய்தி வந்தது என்று இத்தனை நாள் நான் கேட்டதே இல்லை. யாரோ போன் பண்ணியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நீ நேரே ஊருக்கு வந்து சேர்ந்தாய், அடக்கம் முடிந்தது, நீ அங்கே போனாய், நான் இங்கே வந்தேன். அந்த வெட்டவெளியில் சத்தம் உன்னை நோக்கி வர வர நீ தனியாக நின்றிருக்கிறாய். உன்னைத் தேற்ற ஒரு ஆள் பக்கத்தில் இல்லை. பெற்றவள் நான், அதைக் கேட்கவே எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அன்றைக்கு அந்த இடத்தில் உன்னைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "முட்டியக் காட்டு" என்றேன். அந்த அம்மாளின் பெட்டியை வாங்கி, உன் முட்டியைக் கழுவி, மருந்து வைத்து, ஒட்டுப் போட்டேன். எனக்குத் தெரிந்தது அதுதானே. நீ சின்னப் பிள்ளை மாதிரி காலை நீட்டிக்கொண்டிருந்தாய். நடுவில் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டீக்கு... மை காட், டீக்கு" என்று சிரித்தாய், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாய். நீ அந்த அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னதும் அவளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஸ்பானர்காரன் மட்டும் சிரிக்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டே மறுபடி காருக்கு அடியில் போனான். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் தட்டில் ரெண்டு டீயும், செங்கல் மாதிரி தடித்த ரஸ்க்கும் வைத்து, உள்ளே வாருங்கள் என்று சொல்லாமல், நேரே வண்டி ஜன்னலுக்குக் கொண்டு வந்தாள். "ஹாரனுக்கு டீ, இன்றைக்கு மட்டும்" என்றாள். அந்த டீயில் இஞ்சியும் இல்லை ஏலக்காயும் இல்லை, வெந்நீரில் பையை முக்கின வெறும் டீ. எனக்கு அது போதுமாக இருந்தது.

இனிமேல்தான் நான் உன்னிடம் சொல்ல வேண்டியது. டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். கடல் பக்கம் நெருங்க நெருங்க மூடுபனி வந்துவிட்டது, முன்னால் ரோடே தெரியவில்லை, நீ மெதுவாக ஓட்டினாய். அந்த வெள்ளைக்குள் போய்க்கொண்டிருக்கும்போது நீ ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாய், "ரிட்டயர் ஆனப்புறம் என்ன பிளான் மா?" காலையிலிருந்து நான் காத்திருந்தது வந்துவிட்டது. நேராக வரவில்லை, கொஞ்சம் கோணலாக வந்தது, ஆனாலும் வந்தது. நான் என்ன சொன்னேன்? "ஊருக்குத்தான். வீடு கெடக்குல்லா? எனக்கு என்ன குறை?" என்றேன். சட்டென்று, மூச்சு விடாமல். நீ வைப்பரைத் தட்டிவிட்டாய். அப்புறம், "ஓகே மா. உனக்கு எது இஷ்டமோ" என்றாய். அவ்வளவுதான், வால்விஸ் பே வந்துவிட்டது. ஃபிளமிங்கோவைக் காட்டினாய், பார்த்தேன். எத்தனை அழகு என்று சொன்னேன். எனக்கு அந்தப் பறவைகள் ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

அது பொய், மக்கா. ஊரில் இருக்கிற அந்த வீட்டை நாங்கள் லீவுக்குத்தான் கட்டினோம். லீவுக்குப் போவோம், தூசி தட்டுவோம், மெத்தை காயப் போடுவோம், கல்யாணம் காட்சிக்குப் போவோம், மறுபடி பூட்டுவோம். அந்தத் தெருவில் என்னை 'பஹ்ரைன்காரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள், என் பேர் அங்கே யாருக்கும் வாயில் வராது. இங்கே வார்டில் எனக்குப் பேர் உண்டு, அதுவும் வருகிற மாதக் கடைசி வரைக்கும்தான். அந்த வீட்டு ஹாலில் அப்பாவைக் கடைசியாக வைத்திருந்த இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு நாளும் நான் அதைத் தாண்டிப் போய் ஒரே ஒரு கப் டீ போட்டுக்கொள்ள வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எத்தனையோ பேரின் கடைசி மூச்சைப் பக்கத்தில் நின்று பார்த்தவள், எனக்குப் பயமா என்று நீ சிரிக்காதே. அது டியூட்டி. இது அப்படி இல்லை.

திரும்பி வந்த பிறகு இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் காரை விற்ற பிறகு நான் கோல்டு ஸ்டோருக்கு நடந்துதான் போகிறேன். போன வாரம் பால் வாங்கப் போனேன். சாயங்கால நேரம், கடை முன்னால் வண்டிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சேட்டன் ஒவ்வொரு வண்டிக்கும் ஓடுகிறார், வருகிறார், மறுபடி ஓடுகிறார். நான் கல்லா பக்கத்தில் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் மேல் தப்பில்லை, ஹாரன் அடிக்கிறவருக்கு அவசரம், நடந்து வந்தவள் நிற்கட்டும், எல்லாக் கடையிலும் அப்படித்தான். ஒரு தடவை என்னைத் தாண்டி ஓடும்போது, "சேச்சி, ஒரு நிமிஷம், ஒண்ணும் சொல்லமாட்டீங்களே நீங்க" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அங்கேயே நின்று யோசனை வந்துவிட்டது. சரிதானே, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சொல்லாமல் நிற்பதைப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லாதவளுக்கு யார் என்ன கொண்டு வந்து தருவார்கள்? அந்த வெட்டவெளியில் ஒரே ஒரு தடவை தப்பாகக் கை வைத்து அழுத்தினேன், மாவுக் கையோடு முன்பின் தெரியாத ஒருத்தி ஓடி வந்தாள், நீ முட்டி உடைய ஓடி வந்தாய்.

உனக்கும் இந்தப் புத்தி என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. 'உனக்கு எது இஷ்டமோ' என்று நீ சொன்னாயே, அது இஷ்டம் கேட்டது இல்லை, கதவைச் சாத்தினது. நான் முதலில் சாத்தினேன், நீ தாழ்ப்பாள் போட்டாய். நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள், பிள்ளை வரும், அவர்களிடம் இப்படி இருக்காதே. வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்லு. மூடுபனியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்காதே, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முகத்தைப் பார்த்துக் கேளு. நான் பக்கத்தில் இருந்தால் உன் மண்டையில் ஒன்று போட்டுச் சொல்வேன்.

ஆகையால் நானே கேட்கிறேன். நான் உன் கூட வந்து இருக்கட்டுமா? உன் வீட்டில் அந்த ஜன்னல் பக்கத்து அறை, நீ ட்ரில்லிங் சாமான்கள் போட்டு வைத்திருக்கிறாயே, அது எனக்குப் போதும். குளிருக்கு ஸ்வெட்டர் நானே வாங்கிக்கொள்கிறேன். நீ சைட்டுக்குப் போனால் நாள் கணக்கில் வரமாட்டாய், தெரியும், தனியாக இருப்பேன், அதுவும் தெரியும். ஆனால் அது நீ திரும்பி வருகிற வீட்டில் தனியாக இருப்பது. வேறு மாதிரித் தனிமை அது, அதை நான் தாங்குவேன். ஒருவேளை உனக்கு அது தோதுப்படாமல் இருக்கலாம். உனக்கு உன் வாழ்க்கை, உன் அமைதி, நான் வந்தால் மூச்சு முட்டலாம். அதையும் நீ சொல்ல வேண்டும். சேட்டன் கடையில் கேட்ட சாமான் இல்லை என்றால் வண்டிப் பக்கம் வந்து, கையை விரித்து, "மாஃபி" என்று சொல்வார். அப்பா கோபப்பட்டாரா? இல்லையே. "சரி சேட்டா" என்று வண்டியை எடுப்பார். கூப்பிட்ட பிறகு கடைக்குள்ளிருந்து யாருமே எட்டிப் பார்க்காவிட்டால்தான் அவருக்குக் கோபம் வரும்.

நானும் அப்படித்தான் கேட்கிறேன். வெளியே வந்து பார், மக்கா. இருந்தால் கொண்டு வா. இல்லை என்றால் மாஃபி சொல்லு, நான் வண்டியை எடுத்துவிடுகிறேன். ஆனால் பயந்து ஓடி வராதே, முட்டி இப்போதுதான் ஆறியிருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா டீக்குத்தான் ஹாரன் அடித்தேன்.